பழசு நேர், இது தலைகீழ்

என் மேசை இழுப்பறையில் ஒரு மஞ்சள் சீட்டு இருக்கிறது. உள்ளங்கை அளவு. மேலே செலோடேப் ஒட்டியிருந்த இடம் பழுப்பேறிவிட்டது. நீலப் பேனாவில் தமிழில் மூன்று வரி. முதல் இரண்டும் பெரிய எழுத்து, மூன்றாவது இடம் போதாமல் பொடிப்பொடியாக அடியில் ஒடுங்கியிருக்கும். எழுதியது அக்கா. கூடப்பிறந்தவள் இல்லை. பம்பாய் செம்பூரில் நான் முதன்முதலாக வேலை பார்த்த சின்ன ஆய்வுக்கூடத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்தவள். அங்கே இருந்த பதினோரு பேரில் நாங்கள் இருவர்தான் தமிழ். அந்தச் சீட்டு என் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் மூன்று வாரம் ஒட்டியிருந்தது. தினமும் அதைப் பார்த்தேன். படிக்கவில்லை. எனக்கு அப்போது தமிழ் படிக்கத் தெரியாது.

இன்று இதை இவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் உயிர் போனாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், இரண்டாம் பாடம் ஹிந்தி, மூன்றாவது மராத்தி. கோயில் வாசலிலும் ஹோட்டல் பலகையிலும் தமிழ் எழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தேன், ஆனால் கோலத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். எந்தக் கோலம் எந்தக் கடை என்று தெரியும், அவ்வளவுதான். வேலையில் சேர்ந்த அன்று என் பெயரைக் கேட்டதும் அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தமிழா நீ? அப்பாடா! தமிழ் வாசிப்பியா பாப்பா?" என்றாள். நான் "ம்" என்றேன். ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்தைக்கூட எனக்கு எழுதத் தெரியாது.

அதன் பிறகு அந்த ஒற்றை எழுத்தைக் காப்பாற்றுவதே தனி வேலையாகிப் போனது. அவள் தமிழ் வாரப்பத்திரிகை கொண்டுவந்து ஒரு துணுக்கைக் காட்டுவாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, அவள் சிரிக்கிற நேரத்தில் சிரிப்பேன். தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தாள். அதில் எண்களை மட்டும் பொறுக்கி, நாளும் நேரமும் கண்டுபிடித்து, தாராவியில் அவள் வாயால் சொல்லியிருந்த மண்டபத்துக்குச் சரியான முகூர்த்தத்தில் போய் நின்றேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டதற்குப் பதிலாக நாலு வாரம் உட்கார்ந்து எழுத்தைக் கற்றுக்கொண்டிருக்கலாம் என்று தோன்றவே இல்லை. படித்த பெண்களுக்கு வருகிற மண்டைக்கனம் அது.

அக்காவுக்குத் தாராவி. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். பேச்சு மட்டும் இன்னும் அங்கிருந்து கிளம்பாமல் இருந்தது. முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு லேப் டெக்னீஷியன் டிப்ளமா முடித்தவள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவளுக்குக் கை மிகச் சுத்தம். ஐஸ் பெட்டியிலிருந்து டியூப்பை எடுத்து, மூடியைக் கட்டைவிரலால் தட்டித் திறந்து, சொட்டு சிந்தாமல் அடுத்ததுக்கு மாற்றுவாள். பேச்சு பாட்டுக்குப் பேச்சு நடந்துகொண்டிருக்கும், கண் அந்தப் பக்கம் போகவே போகாது. இங்கிலீஷ்தான் அவளுக்குத் தகராறு. ஒருமுறை ரெஜிஸ்டரில் டியூப் லீக் ஆகிறது என்று எழுதப்போய், 'லீக்' என்பதை 'லிக்' என்று எழுதிவிட்டாள். டியூப் ஒழுகுகிறது என்பது டியூப் நக்குகிறது என்று ஆகிவிட்டது. எங்கள் தலைவர், எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடுவோம், கெட்ட மனிதர் இல்லை, திங்கட்கிழமை மீட்டிங்கில் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அக்கா ரெஜிஸ்டரில் எண்களையும், கிட் என்று நாங்கள் சொல்கிற மருந்துப் பெட்டியின் பெயரையும் தவிர ஒரு வார்த்தை எழுதமாட்டாள். மற்றதெல்லாம் வாயால்தான் சொல்வாள்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உடம்பில் எல்லாச் செல்லிலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான். எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் ஒழுங்கான செல்லுக்கும் புற்றுநோய்ச் செல்லுக்கும் வித்தியாசம். வேலை செய்கிற மரபணு ஆர்.என்.ஏ. என்ற நகல்களை எடுத்து வெளியே அனுப்பும். நகல் அதிகமிருந்தால் அந்த மரபணு மும்முரமாக இருக்கிறது என்று பொருள். அறுவை சிகிச்சையில் எடுத்த சதைத் துணுக்கிலிருந்து அக்கா அந்த ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, கிட்டில் உள்ள மருந்துகளைச் சேர்த்துப் பக்குவம் செய்து அனுப்புவாள். வெளியே ஒரு இடத்தில் மிஷின் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் படித்து, கோடிக்கணக்கான துண்டுகளை ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தரும். எந்தத் துண்டு எந்த மரபணுவுடையது என்று கணக்கிடுவது என் வேலை. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு. ஒன்று, ஒவ்வொரு துண்டையும் அதன் சரியான இடத்தில் கொண்டுபோய்ப் பொருத்தி, பிறகு எண்ணுவது. நேரம் பிடிக்கும். இன்னொன்று, இடம் தேடாமல் சாயலைப் பார்த்தே இது இன்ன மரபணுவுடையதாக இருக்கும் என்று பங்கு பிரிப்பது. மடமடவென்று முடியும். நான் முதலாவதைப் பொறுமை முறை என்றும் அடுத்ததை அவசர முறை என்றும் மனசுக்குள் பெயர் வைத்திருந்தேன். இரண்டையும் ஒப்பிட்டு, எதை நம்பலாம் என்று டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அதுதான் எனக்குக் கொடுத்திருந்த முதல் பெரிய வேலை.

பொறுமை முறையில் ஒரு சிக்கல். எண்ணத் தொடங்கும் முன் அது ஒரு கேள்வி கேட்கும்: துண்டுகள் நேராக வருகின்றனவா, தலைகீழாகவா? அது கிட்டைப் பொறுத்தது. சில கிட்டில் துண்டு மரபணுவின் திசையிலேயே வரும், சிலதில் எதிர்த்திசையில். பம்பாயில் லோக்கல் ரயிலில் போகிறவர்களுக்கு இது உடனே புரியும். அடுத்த ஸ்டேஷன் எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்துதானே கதவோரம் நிற்கிறோம்? பிளாட்பாரம் இடது பக்கம் வரும்போது வலது பக்கம் நின்று இறங்குகிறவர்களை எண்ணினால், தண்டவாளத்தில் குதிக்கிற நாலைந்து பேர்தான் கணக்கில் வருவார்கள். வண்டி நிறையக் கூட்டம் இருந்தும் காலி வண்டி என்று எழுதிவிடுவோம். அவசர முறை இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. முதலில் இறங்குகிற சிலரைப் பார்த்துத் தானே பக்கத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். எங்களுக்கு வந்த முதல் இரண்டு சாம்பிள் தொகுதிக்கும் நேர் கிட். நானும் நேர் என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டு முறையும் ஒத்துப்போயின.

மூன்றாவது தொகுதிக்கு இருபத்து நான்கு சாம்பிள். அது மழைக்காலம். ஒருநாள் காலையில் சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே தண்டவாளம் முழுகி வண்டிகள் நின்றுவிட்டன. நான் மாட்டுங்காவில் காப்பியைக் குடித்துக்கொண்டு, இன்றைக்கு வரமுடியாது என்று மெசேஜ் அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் கரண்ட் போய் ஃப்ரீசர் அலாரம் அடிக்கிறது என்று வாட்ச்மேன் எல்லோருக்கும் போன் செய்திருக்கிறார். அக்கா தாராவியிலிருந்து முழங்கால் தண்ணீரில் செம்பூர்வரை நடந்தே போய், இருபத்து நான்கையும் ஐஸில் மாற்றி வைத்தாள். போய்ச் சேர மதியமாகிவிட்டது. அன்றைக்கு வந்தது அவள் ஒருத்திதான். பின்னால் அவளுக்கு எதிராகத் திரும்பியதும் அந்த மதியம்தான்.

ஒரு வாரம் கழித்து அவள் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தாள். தரம் பார்க்கிற மிஷின் எல்லாவற்றுக்கும் நல்ல மார்க் போட்டது. பழைய கிட் கிடைக்காமல் புதுக் கம்பெனி கிட் வந்திருந்தது. அதை விற்கிற ஆள் வந்து செய்து காட்டிவிட்டுப் போனார். அன்று நான் விடுப்பு. மறுநாள் வந்தபோது திரையோரத்தில் மஞ்சள் சீட்டு. அக்கா சாம்பிள் பெட்டியை ஒப்படைக்க வெளியே போயிருந்தாள். மூன்று வரிக் கோலத்தை நான் உற்றுப் பார்த்தேன். அவளுடைய எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்று ஒரு மாதமாக எங்கள் வீட்டில் கிடந்தது. அதைத்தான் கேட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். மறுநாள் அம்மாவிடம் சொல்லி, வெறும் டப்பாவாகக் கொடுக்கக்கூடாது என்று அதில் ரவா லட்டு போட்டுக் கொண்டுபோனேன். அக்கா டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத யாரு கேட்டா? சரி, சீட்டு ஒட்டியிருந்தேனே, வாசிச்சியா?" என்றாள். அந்த நொடியில் டப்பா இல்லை என்று தெரிந்துவிட்டது. வேறு என்ன என்று கேட்க ஒரு வாய் போதும். நான் "ம்" என்றேன். அவள் லட்டைக் கடித்துக்கொண்டு, நெய் நல்ல நெய் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சீட்டு அங்கேயே இருந்தது. மழைக்கால விடுப்பைப் பற்றியோ, கோயில் கொடைவிழாவைப் பற்றியோ ஏதாவது இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். மூன்று வாரத்தில் ஹார்ட் டிஸ்க் வந்ததும் மேசையைச் சுத்தம் செய்து, சீட்டை எடுத்து நோட்டுப் புத்தகத்துக்குள் செருகினேன். கிழித்துப் போடவும் மனசு வரவில்லை. பழைய அமைப்பையே வைத்து இரண்டு முறையையும் ஓடவிட்டேன். அவசர முறை எல்லா மரபணுவுக்கும் நிறைந்த எண்ணிக்கை காட்டியது. பொறுமை முறை ஏறக்குறைய வெறுமை. இருபத்து நான்கிலும் அப்படியே. அங்கே நின்று யோசித்திருக்க வேண்டும். இருபத்து நான்கும் ஒரேபோலக் கெட்டுப்போகுமா? ஆனால் எனக்கு உடனே ஒரு பெரிய கண்டுபிடிப்பு கிடைத்துவிட்டது. சாம்பிள் கெட்டுப்போயிருக்கிறது. பொறுமை முறை அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவசர முறை பூசி மெழுகுகிறது. இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு தெளிவாக யார் காட்டியிருக்கிறார்கள்? வண்ண வண்ணமாகப் படம் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் படத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மீட்டிங்கில் டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். அந்தச் சதைத் துணுக்குகளைக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. மறுபடி வாங்க வழியில்லை. ஃப்ரீசர் எத்தனை மணி நேரம் நின்றிருந்தது என்று ஹிந்தியில் கேட்டார். அக்கா எழுந்து நின்று, எட்டு மணிக்கு நின்றது, தான் வந்து சேர்ந்தது பன்னிரண்டரை, ஆனால் பெட்டி திறக்காமலே இருந்தது, உள்ளே உறைந்துதான் இருந்தது, மிஷினும் நல்ல மார்க் போட்டது என்றாள். மார்க் போட்ட பிறகு பக்குவம் செய்யும்போதோ அனுப்பும்போதோ கெட்டிருக்கலாமே என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பி, எல்லோர் நடுவிலும் தமிழில் கேட்டாள்: "பாப்பா, அந்தச் சீட்டுல எழுதுனபடிதான போட்ட? வாசிச்சல்லா?" என்ன சொல்கிறாள் என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

அப்போது எனக்குத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, ஆனால் அதில் விஷயம் இருக்கிறது என்று தெரியும். இரண்டு நிமிடம் கொடுங்கள், சீட்டை எடுத்து வருகிறேன், அக்காவே படித்துச் சொல்லட்டும் என்று சொல்லியிருக்கலாம். தமிழச்சி, தமிழ் படிக்கத் தெரியாது, இத்தனை நாள் தெரிந்ததுபோல நடித்தாள் என்று மற்ற எல்லோரும் சிரித்திருப்பார்கள். டியூப் நக்கியதற்குச் சிரித்ததுபோல ஒரு வாரம் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான் விலை. நான் அக்காவைப் பார்த்து, "ஆமாக்கா, அதுபடிதான் போட்டேன்" என்றேன். டாக்டரிடம், கிட் விவரம்தான், எல்லாம் பார்த்துத்தான் செய்திருக்கிறேன் என்றேன். அக்கா என்னையே பார்த்தாள். அதில் கோபமோ சந்தேகமோ இருந்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் என் வார்த்தையை முழுசாக நம்பினாள். மெல்லக் குனிந்து தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. யாரும் திட்டவில்லை, மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். அக்கா தன் மேசையை ஸ்பிரிட்டால் துடைத்தாள். டியூப் ஸ்டாண்டுகளை வரிசையாக அடுக்கினாள். என்னிடம் வந்து, "வாரேன் பாப்பா. உன் வேலையையும் சேத்துக் கெடுத்துட்டேன்" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. பரவாயில்லை அக்கா என்று சொல்லியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

ஏழெட்டு மாதம் சீட்டைத் தொடவில்லை. வீட்டில் அப்பா இருந்தார், கூடத்தில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகையை வரி விடாமல் படிக்கிறவர். கொண்டுபோய் நீட்டினால் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் பயந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியை ஒழிக்கும்போது நோட்டு விழுந்தது, சீட்டு வழுக்கிக்கொண்டு அப்பாவின் காலடியில் போய் நின்றது. அவர் எடுத்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார். "பாப்பா, இந்தத் தடவை கிட் வேற. பழசு நேர், இது தலைகீழ், மாத்திப் போட்டுக்கோ." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "யாருடி இது, எழுத்து முத்து முத்தா இருக்கே? கீழ ஏதோ பொடியா இருக்கு, கண்ணாடி எங்கே வெச்சேன்..." அவர் கண்ணாடியைத் தேடப் போனார். நான் காத்திருக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து, நேர் என்று இருந்த இடத்தில் தலைகீழ் என்று மாற்றினேன். ஒரே ஒரு சொல். சமையலறையில் குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் முதல் சாம்பிளுக்கு விடை வந்துவிட்டது. இரண்டு முறையும் ஒரே கோட்டில் வந்து நின்றன. பிறகு இரண்டாவது, மூன்றாவது. இருபத்து நான்கும் அப்பழுக்கில்லாமல் இருந்தன. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். நான் முதல் சாம்பிளிலிருந்து மறுபடி சரிபார்த்தேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் கிட் மாறியதைச் சொன்னேன். நல்லவேளை கண்டுபிடித்தாய், அறிக்கையைத் திருத்திவிடு என்றார். மூன்றாம் தொகுதியில் திசை அமைப்பு திருத்தப்பட்டது என்று எழுதினேன். யார் தப்பாகப் போட்டார்கள், யார் சரியாகச் சொன்னார்கள் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. விஞ்ஞானத்தில் அப்படித்தான் எழுதுவோம், மிக வசதியான நடை. சீட்டைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவின் இடத்தில் வேறொருவர் வந்திருந்தார்.

தாராவியில் அவள் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டம்மாள், "அவிய டோம்பிவிலி போய்ட்டாவளே, ஸ்டேஷன் பக்கம் எங்கயோ ரத்தம் எடுக்குற சென்டர்ல வேலை பாக்காவ" என்றாள். டோம்பிவிலியில் ஸ்டேஷனைச் சுற்றி அப்படி எத்தனையோ. நாலாவதாக ஏறின இடத்தில் அக்கா இருந்தாள். நான் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒரு பெரியவரிடம் பெயர் கேட்டாள், எழுதினாள், மறுபடி கேட்டாள். டியூப்பில் ஒட்டியதை விரல் வைத்துப் படித்தாள். ரத்தம் எடுத்த பிறகு இன்னொரு முறை கேட்டாள். பெரியவர் எரிச்சலோடு கத்தினார். பேச்சு பாட்டுக்குப் பேச்சாகக் கை தானே வேலை செய்யும் அந்த அக்கா இல்லை இவள். டியூப்பைப் பிடித்திருந்த கையை இன்னொரு கை தாங்கிக்கொண்டிருந்தது.

"ஏ பாப்பா! நீ எங்கன இங்க?" என்று என்னைப் பார்த்ததும் பழைய சிரிப்பு. கூட்டம் குறைந்ததும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கத் தெரியாததை, டப்பாவை, மீட்டிங்கை. அவள் அதையெல்லாம் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஒன்றை மட்டும் கேட்டாள்.

"அப்ப டியூப்பு?"

"நல்லா இருந்தது அக்கா."

"இருவத்தி நாலுமா?"

"இருபத்தி நாலும்."

காலி டியூப் ஒன்றை எடுத்து ஸ்டாண்டில் செருகினாள். பிறகு, "நான்தான் கெடுத்துப்புட்டேன்னு நெனச்சேன். நீ வாசிச்சுச் சரியாப் போட்டும் வரலன்னா, எங் கைதான காரணம்? ஐஸ் பத்தலியோ, மூடி சரியா மூடலியோன்னு நெதமும் நெனப்பேன் பாப்பா. செத்துப்போனவங்க குடுத்த சதையப் பாழாக்கிட்டோமேன்னு" என்றாள். அழவில்லை. புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தாள், ஈரம் ஒன்றும் இல்லாத கையை. "தெரியாதுன்னு சொன்னா நான் என்ன சிரிக்கவா போறேன்? வாயால சொல்லியிருப்பேன்லா." எழுந்து போகும் முன் கேட்டாள்: "டாக்டர்ட்ட சொல்லிட்டியா?"

"கிட் மாறினதைச் சொல்லிட்டேன்."

"அது இல்ல. சீட்டு."

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

மறுநாள் டாக்டரிடம் சீட்டை வைத்து முழுக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் திரும்பி வருவாளா என்று கேட்டார். மறுமாதம், வேலைக்கு இடம் உறுதியானதும் சொல்லலாம் என்று டோம்பிவிலிக்குப் போன் செய்தேன். நான் வந்துபோன வாரமே வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள். நவிமும்பையில் நெருளுக்கோ, அதற்கும் அந்தப் பக்கமோ போயிருக்கலாம், சரியாகத் தெரியாது என்றார்கள். அவளுடைய போன் எண்ணில் வேறு யாரோ மராத்தியில் பேசினார்கள். தாராவியில் அந்தச் சந்தே இப்போது இல்லை. அந்த ஆய்வுக்கூடமும் மூடியாயிற்று. சொல்லிவிட்டேன் அக்கா என்று அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. சயான் ஸ்டேஷன் பாலத்தில் முன்னால் போகிற பெண்களின் கையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். எத்தனையோ பேரை முந்திப்போய்த் திரும்பிப் பார்த்து அசடு வழிந்திருக்கிறேன்.

சீட்டின் மூன்றாவது வரியை அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானே படிக்கிறவரை அதில் என்ன இருக்கிறது என்று தெரியக்கூடாது என்று ஒரு பிடிவாதம், ஒரு வகையில் தண்டனை. மாட்டுங்காவில் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கி, முப்பத்து நான்கு வயதில் அம்மா, ஆடு, இலை என்று தொடங்கினேன். சீக்கிரமே பலகை படித்தேன், பத்திரிகை படித்தேன். சீட்டை மட்டும் எடுக்கவில்லை. தப்பாகப் படித்துவிடுவேனோ என்று பயம். இப்போது இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், இனியும் தள்ளிப்போட முடியாது என்று இன்று காலை இழுப்பறையைத் திறந்தேன். வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்து, அக்கா டியூப்பில் பெயர் படித்ததுபோல ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். திரையில் என் கண்ணுக்கு நேராக மூன்று வாரம் இருந்த வரி.

"புரியலேன்னா கேளு பாப்பா. நான் இங்கனதான் இருப்பேன்."